தண்ணீரில் காலப்பிரமாணம்

எவ்வளவு வேகமாக நீந்துகிறோம் என்பதை அறியக் கடிகாரம் மட்டும் போதாது. நாடாவும் வேண்டும். பெங்களூர் குளங்களில் ஒரு தாமதமான மாணவர் தெரிந்துகொண்டது.

கட்டட மேஸ்திரிகள் வைத்திருக்கும் 30 மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நீச்சல் குளத்தின் விளிம்பில் மண்டியிட்டிருந்தேன். மறுமுனையைப் பிடித்திருந்த காவலாளிக்கு விஷயம் விளங்கவில்லை. தண்ணீர் கசிகிறதா என்று கேட்டார். கசியவில்லை. குறைந்திருந்தது நீளம். கிழக்கு பெங்களூரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள அந்தக் குளத்தின் சுவரில் 25 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நாடா சொன்னது 22 மீட்டர்.

இந்தச் சந்தேகம் அதற்கு முந்தைய வாரம்தான் வந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு நீச்சல் கற்றவன் நான். மூன்று மாதமாக இந்தக் குளத்தில் நான்கு நீளம் நீந்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, டைரியில் '100 மீட்டர், 2 நிமிடம் 10 விநாடி' என்று பெருமையுடன் குறித்து வந்தேன். பிறகு முதல் தடவையாக முழு அளவு 50 மீட்டர் குளம் ஒன்றில் இறங்கியபோது இரண்டே நீளத்துக்கு 2 நிமிடம் 31 விநாடி ஆயிற்று. ஒரே வாரத்தில் 21 விநாடி கிழவனாகிவிட்டேன்.

"மாஸ்டர், இன்னைக்கு உடம்பு சரியில்லை போல" என்றேன், சொல்லித்தருபவரிடம்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை சார். உங்க வீட்டுக் குளத்தை எப்பவாவது அளந்தீங்களா?"

22 மீட்டரில் நான்கு நீளம் என்றால் 88 மீட்டர்தான். 88 மீட்டருக்கு 130 விநாடி என்றால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 148 விநாடி, அதாவது 2 நிமிடம் 28 விநாடி. அப்படியும் மூன்று விநாடி கணக்கில் இடிக்கிறதே என்றேன். அதற்கும் விடை இருந்தது. நான்கு நீளத்தில் மூன்று முறை திரும்புகிறோம். ஒவ்வொரு முறையும் சுவரைக் காலால் உதைத்துச் சில மீட்டர் இனாமாகப் போகிறோம். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு ஒரே ஒரு உதைதான். அதனால்தான் உலக சாதனைப் பட்டியலில்கூட 25 மீட்டர் குளத்துக்கும் 50 மீட்டர் குளத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள்.

நீந்துகிறவர்கள் 'பேஸ்' என்று எதைச் சொல்கிறார்கள்? காருக்கு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதைத் தலைகீழாகப் போட்டால் அதுதான். இத்தனை நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதல்ல கேள்வி. 100 மீட்டர் தூரத்துக்கு எத்தனை நேரம் என்பதே கேள்வி. எண் சிறியதானால் ஆள் வேகம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தச் சொல் நீண்டநாள் தலைவலி. தமிழில் எல்லாமே 'வேகம்' ஆகிவிடுகிறது. அகராதிகளைப் புரட்டி அலுத்த பிறகு ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சரியான சொல் நம்மிடமே இருப்பது உறைத்தது. காலப்பிரமாணம். பாடகர் எடுத்த காலத்தை, பல்லவியிலும் சரி, ஸ்வரத்திலும் சரி, கடைசிவரை ஓடாமலும் இழுக்காமலும் பிடித்து நிற்பது. நீச்சல்காரர் செய்ய வேண்டியதும் அதுவே. முதல் நீளத்தில் பறந்து, நான்காவது நீளத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவருக்குக் காலப்பிரமாணம் இல்லை.

இதில் தண்ணீருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. காற்றைவிட அது ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் கூடக்கூட அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதைத் தள்ளிச் செல்லத் தேவைப்படும் சக்தியோ ஏறத்தாழ வேகத்தின் கனமாகக் கூடும். பத்து சதவீதம் வேகம் கூட்ட வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுதலாகச் செலவிட வேண்டும். தொடக்கத்தில் அவசரப்பட்டுச் சேமித்த இரண்டு விநாடிக்குக் கடைசியில் பத்து விநாடி வட்டி கட்டுவது இதனால்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அது மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் குறைவு. கப்பன் பூங்காவில் காலையில் நிதானமாக ஓடுகிறவர்கள் அவரை முந்திவிடுவார்கள். அதே பாரிஸில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 1,500 மீட்டரை 14 நிமிடம் 30.67 விநாடியில் முடித்தார். 100 மீட்டருக்கு 58 விநாடி வீதம் பதினைந்து முறை, இடையில் நிற்காமல். எனக்கு அதிக வியப்பைத் தருவது இந்த இரண்டாவது எண்தான்.

நம் ஊர்களில் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார்கள். மிதந்தால் நீச்சல் தெரியும், அவ்வளவுதான். எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தான், எவ்வளவு நேரம் மூச்சடக்கினான் என்பவையே அங்கு அளவுகோல். நீளம் பெரிதாக இல்லாத இடத்தில் வேகத்தை யார் கேட்பார்கள்?

விநாடியைக் கணக்கிட்டு நீந்தும் பழக்கத்தில் நாட்டுக்கே முன்னோடி நகரங்களில் ஒன்று பெங்களூர். பசவனகுடி நீச்சல் மையமும், டால்ஃபின் அக்வாட்டிக்ஸும் இந்தியாவின் ஒலிம்பிக் நீச்சல் பட்டியலை ஏறத்தாழப் பங்குபோட்டுக்கொண்டன என்றே சொல்லலாம். முன்னதன் பயிற்சியாளர் பிரதீப் குமாருக்கும் பின்னதன் நிஹார் அமீனுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய நிஷா மில்லட், சிறுமியாக நீச்சல் கற்றது சென்னையில். வளர்ந்தது பெங்களூர் குளத்தில். நெய்வேலி நிலக்கரி நகரில் வளர்ந்த சஜன் பிரகாஷும் பிரதீப் குமாரைத் தேடி இங்குதான் வந்தார்.

சஜனையும் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜையும் பற்றிச் சொல்லாமல் 'பேஸ்' பற்றி எழுத முடியாது. ஒலிம்பிக் நீச்சலுக்கு இரண்டு கதவுகள் உண்டு. 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்டவர்கள் முன்வாசல் வழியாகப் போகலாம். மற்றவர்கள் 'பி' நேரத்தை வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது நீச்சலில் பின்தங்கிய நாடுகளுக்கு ஒதுக்கப்படும் இடத்தில் போக வேண்டும். 2021 ஜூன் வரை ஒரு இந்தியரும் முன்வாசலைக் கண்டதில்லை. கோவிட் காலத்தில் இந்தியக் குளங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஓட்டக்காரர் மொட்டைமாடியில் ஓடலாம், நீச்சல்காரர் என்ன செய்வார்? இந்த நிலையில்தான் ரோம் நகரில் நடந்த செத்தே கோல்லி போட்டிக்கு இருவரும் போனார்கள்.

200 மீட்டர் பட்டர்ஃபிளைக்கு 'ஏ' நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. ஜூன் 26 அன்று சஜன் 1 நிமிடம் 56.38 விநாடியில் தொட்டார். பத்தில் ஒரு விநாடி மிச்சம். அவர் போன வேகத்தில் அதைத் தூரமாக்கினால் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. ஸ்ரீஹரிக்கு வேண்டியிருந்தது 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.85 விநாடி. அதே ரோமில், போட்டியாளர்களுக்கு எதிராக அல்லாமல் கடிகாரத்துக்கு எதிராக மட்டும் நீந்தும் 'டைம் டிரயல்' ஒன்றில் அவர் 53.77 விநாடியில் முடித்தார். 0.08 விநாடி, தூரமாக்கினால் 15 சென்டிமீட்டர். அந்த நேரம் செல்லுமா என்று சர்வதேச சம்மேளனம் முடிவு சொல்லும்வரை சில நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. செல்லும் என்றது. டோக்கியோவில் ஸ்ரீஹரி 54.31 விநாடி, சஜன் 1 நிமிடம் 57.22 விநாடி. இருவரும் அரையிறுதிக்குப் போகவில்லை. ரோமில் எடுத்த நேரத்தை டோக்கியோவில் திரும்ப எடுக்க முடியவில்லை என்று அப்போது சிலர் குறைசொன்னார்கள். ஒரு மாத இடைவெளியில் இரு முறை உச்சத்துக்குப் போவது எவ்வளவு கடினம் என்பதை ஒரே ஒரு முறை ஸ்டாப்வாட்சுடன் நீந்திப் பார்த்தவர்கூட அப்படிச் சொல்லமாட்டார்.

பாரிஸில் பெங்களூரின் திநிதி தேசிங்கு 14 வயதில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 2 நிமிடம் 6.96 விநாடியில் நீந்தினார். அதே பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் மாலி ஓகாலஹனின் நேரம் 1 நிமிடம் 53.27 விநாடி. இருவரும் ஒரே சமயத்தில் நீந்தியிருந்தால், முன்னவர் சுவரைத் தொடும்போது பின்னவருக்கு இன்னும் ஏறத்தாழ 22 மீட்டர் மிச்சமிருந்திருக்கும். இடைவெளி பெரிது. ஆனால் எவ்வளவு பெரிது என்பது விநாடிக் கணக்கில் தெரியும். பல துறைகளில் நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

இந்த விநாடிக் கணக்கு எப்போதும் இவ்வளவு நம்பகமாக இருந்ததில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி இதற்குச் சாட்சி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒன்றாகத் தொட்டார்கள். ஒவ்வொரு தடத்துக்கும் கையில் ஸ்டாப்வாட்சுடன் மூன்று பேர். டெவிட்டின் மூன்று கடிகாரங்களும் 55.2 காட்டின. லார்சனின் கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1. சிறு பிள்ளைகூட யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடும். ஆனால் கண்ணால் பார்த்து இடம் சொல்லும் நடுவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் டெவிட் பக்கம் சாய்ந்தார். தங்கம் டெவிட்டுக்கு. லார்சனின் நேரம் 55.2 என்று திருத்தி எழுதப்பட்டது. தீர்ப்புக்கு ஏற்பக் கடிகாரத்தைத் திருத்திய அந்த நாளின் வெட்கம் மின்னணுக் கருவிகள் வர ஒரு காரணமாயிற்று. 1968 மெக்சிகோவில் சுவரில் தொடுபலகைகள் வந்தன. வீரரின் கையே கடிகாரத்தை நிறுத்தியது.

அடுத்தது எதிர்த்திசையில் விபரீதம். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் மெட்லி. ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் நூறில் ஒரு விநாடிவரை சமம். கருவியிடம் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கும் இருந்தது. எடுத்துப் பார்த்தார்கள். லார்சன் 0.002 விநாடி முன்னால். தங்கம் அவருக்கு. பிறகுதான் யாரோ என்னைப்போல நாடாவை நினைத்திருக்க வேண்டும். அவர்கள் போன வேகத்தில் 0.002 விநாடி என்பது மூன்று மில்லிமீட்டர். நெடுங்காலம் கடைப்பிடிக்கப்பட்ட சர்வதேச விதியோ 50 மீட்டர் குளம் மூன்று சென்டிமீட்டர்வரை கூடுதலாக இருக்கலாம் என்று அனுமதித்தது. அதாவது ஒருவருடைய தடம் மற்றவருடையதைவிடப் பத்து மடங்கு அந்த வித்தியாசத்துக்கு நீளமாக இருந்திருக்கலாம். சிமெண்டும் ஓடும் பதித்த சுவரை அதைவிட நுட்பமாகக் கட்ட முடியாது. எனவே நூறில் ஒரு விநாடிக்குக் கீழே இனி பார்ப்பதில்லை, சமம் என்றால் சமம் என்று விதி மாறியது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் இரு அமெரிக்கப் பெண்கள் ஒரே தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் 51.14 விநாடியில் வெள்ளிக்கு ஒன்றாக நின்றார்கள். கடிகாரத்தின் கூர்மைக்குக் குளத்தின் கூர்மை வரம்பு கட்டிய கதை இது. என் 22 மீட்டர் குளத்தின் பெரியண்ணன் கதை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண நீச்சல்காரருக்கு நூறில் ஒரு விநாடி வேண்டாம். தன் நிலையான வேகம் எது என்று தெரிந்தால் போதும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 1960களில் தசைகளின் களைப்பை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்களின் கருத்தை எடுத்து, 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் வகாயோஷியும் குழுவினரும் நீச்சலுக்குப் பொருத்திக் காட்டினார்கள். ஒரே அமர்வில், நடுவில் நன்றாக ஓய்வெடுத்து, 400 மீட்டரும் 200 மீட்டரும் முழு முயற்சியுடன் நீந்த வேண்டும். பெரிய நேரத்திலிருந்து சிறிய நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான நிலையான 'பேஸ்'. மூச்சு முட்டாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லைக்கோடு இதுவே என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் உடம்பு கடன் வாங்கத் தொடங்கும்.

செய்து பார்த்தேன், இந்த முறை 50 மீட்டர் குளத்தில். 400 மீட்டருக்கு 10 நிமிடம் 50 விநாடி. 200 மீட்டருக்கு 5 நிமிடம் 10 விநாடி. வித்தியாசம் 340 விநாடி. பாதி 170. என் காலப்பிரமாணம் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 50 விநாடி. டைரியில் மூன்று மாதம் எழுதிய 2 நிமிடம் 10 விநாடியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமும்தான்.

இந்த எண்ணுக்கு ஒரு உபயோகம் உண்டு. பெங்களூரின் மென்பொருள்காரர்கள் பலருக்கு இப்போது டிரையத்லான் பித்து. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது. 2019இல் கோவாவுக்கு வந்த 'அயர்ன்மேன் 70.3' வகைப் பந்தயத்தில் முதலில் கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்த வேண்டும். வழக்கமான கெடு 70 நிமிடம். கெடுவைத் தாண்டினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். பல மாதப் பயிற்சியும் கட்டிய பணமும் கரையிலேயே முடிந்தது. 70 நிமிடத்தைப் பத்தொன்பதால் வகுத்தால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி. 2 நிமிடம் 50 விநாடிக்காரருக்கு 54 நிமிடம் ஆகும், தாராளம். ஆனால் 22 மீட்டர் குளத்தை 25 என்று நம்பி, 3 நிமிடம் 30 விநாடியில் நீந்துகிறோம் என்று தைரியமாகக் கோவாவுக்குப் பஸ் ஏறுகிறவரின் உண்மையான நேரம் ஏறத்தாழ 4 நிமிடம். அவர் 76ஆவது நிமிடத்தில் கரையேறுவார். அங்கு அவரை வரவேற்க யாரும் நிற்கமாட்டார்கள்.

கையில் கட்டும் நவீனக் கடிகாரம் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். செயற்கைக்கோள் சமிக்ஞை தண்ணீருக்குள் எட்டாது. எனவே குளத்தில் அந்தக் கடிகாரம் தூரத்தை அளப்பதே இல்லை. நாம் திரும்பும் அசைவை உணர்ந்து நீளங்களை எண்ணி, குளத்தின் நீளம் என்று நாம் பதிந்து வைத்த எண்ணால் பெருக்குகிறது. நாம் சொன்ன பொய்யை நமக்கே இரண்டு தசமம் சேர்த்துத் திருப்பிச் சொல்லும். பயிற்சிக் குளங்களின் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய விநாடி முள் கடிகாரம் அதைவிட யோக்கியமானது. முள் உச்சியைத் தொடும்போது புறப்படுகிறோம், வந்து தொட்டதும் தலையைத் தூக்கிப் பார்க்கிறோம். அவ்வளவுதான். மூன்று நிமிடம் பத்து விநாடிக்கு ஒரு 100 மீட்டர் என்று பத்து முறை புறப்படச் சொல்வார் மாஸ்டர். நான் 2:50இல் வந்தால் 20 விநாடி ஓய்வு. சோம்பினால் ஓய்வு சுருங்கும். தண்டனையைக் கடிகாரமே கொடுத்துவிடுவதால் அவருக்குத் தொண்டை மிச்சம்.

கூடவே கைவீச்சையும் எண்ணச் சொல்கிறார். தேர்ந்த நெடுந்தூர வீரர்கள் 50 மீட்டரை முப்பதையொட்டிய வீச்சுகளில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு. வேகமாகக் கையை வீசி எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது கற்றுக்குட்டியின் நம்பிக்கை. பெரும்பாலும் நுரைதான் கூடுகிறது. என் விஷயத்தில் ஐம்பத்தெட்டை ஐம்பத்திரண்டாகக் குறைத்த வாரத்தில்தான் நேரமும் முதல் முறையாக இறங்கியது.

கடலில் இந்தக் கணக்கு பாதிதான் செல்லும். 1994இல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966இல் மிகிர் சென் ஏற்படுத்திய ஐந்தின் சாதனையை முறியடித்தபோது 100 மீட்டருக்கு எத்தனை விநாடி என்று யாரும் கேட்கவில்லை. ஆங்கிலக் கால்வாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஆனால் நீரோட்டம் நேர்கோட்டை மதிப்பதில்லை. பக்கவாட்டில் தள்ளி வளைத்து வளைத்துக் கூட்டிப்போகும். அங்கு சுவரும் இல்லை, நாடாவும் இல்லை. துணைப் படகில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். அந்த எண்ணிக்கை சட்டென்று விழுந்தால் குளிரோ களைப்போ ஆளைப் பிடித்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் காலப்பிரமாணம் சாதனைக்கான அளவு அல்ல, உயிருக்கான எச்சரிக்கை.

எங்கள் குடியிருப்புக் குளத்தின் சுவரில் இன்னும் 25 மீட்டர் என்றுதான் இருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். விற்பனைக் குறிப்பிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, இப்போது மாற்றினால் வீட்டு விலை பாதிக்கும் என்றார் ஒருவர். மேற்கொண்டு வாதாடவில்லை. மகளுடைய கைக்கடிகாரத்தில் குளத்தின் நீளத்தை 22 என்று மாற்றிவிட்டு, டைரியின் பழைய பக்கங்களில் ஒவ்வொரு '100'ஐயும் அடித்து '88' என்று எழுதினேன். மூன்று மாதத்தில் அறுபத்தொரு இடம்.